ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களில் வயிற்றைப் பார்த்துக்கொள்வது எப்படி: உணவு, நேரம், அதற்குப் பிந்தைய வாரங்கள்

தொண்டை வலிக்கோ பல் வேர்ச் சிகிச்சைக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ மருத்துவர் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுக்கிறார். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிடுகிறது. மூன்றாம் நாள் வயிறு கடமுடவென்கிறது, இளகிப் போகிறது, வாய் கசக்கிறது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். வீட்டில் ஆளுக்கொரு யோசனை: "மாத்திரை சூடு, மோர் குடி" என்பார் ஒருவர், "காய்ச்சலில் தயிர் தொடாதே" என்பார் இன்னொருவர். மருந்துக்கடைக்காரர் குடலுக்கு நல்ல பாக்டீரியா என்று ஒரு கேப்ஸ்யூலை நீட்டுவார்.

இதில் எது சரி, எது வீண் செலவு, எது மருந்தையே கெடுத்துவிடும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை சாப்பிடும் நாட்களில் உணவிடம் எதிர்பார்க்க வேண்டியவை இரண்டுதான்: மருந்துக்கு இடைஞ்சல் செய்யாமல் இருப்பது, வயிற்றுக்குப் பாரமாகாமல் இருப்பது. குடலை மறுபடி நிரப்பும் வேலை மாத்திரை முடிந்த பிறகு, வாரக்கணக்கில் நடப்பது. நம்மில் பெரும்பாலோர் ஐந்து நாளும் தயிரும் கேப்ஸ்யூலுமாக இருந்துவிட்டு, ஆறாம் நாள் பரோட்டாவுக்குப் போய்விடுகிறோம்.

குடலுக்குள் என்ன நடக்கிறது

பெருங்குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் அவை நொதிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அந்த பியூட்டிரேட்தான்.

ஆன்டிபயாட்டிக்குக்கு நல்லது கெட்டது தெரியாது. தொண்டையில் இருக்கும் கிருமியைக் கொல்லப் போன மருந்து, குடலில் இருப்பதையும் சேர்த்துக் கொல்லும். நொதிக்க வைக்க ஆள் குறைந்தால் செரிக்காத மாவுச்சத்து அப்படியே தங்கி, தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். வயிறு இளகுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, சில மருந்துகள் குடலை நேரடியாகவே அசைத்துவிடும். எரித்ரோமைசின் குடலின் இயக்கத்தைத் தூண்டும். அமாக்சிசிலினோடு சேர்ந்து வரும் கிளாவுலனேட்டும் வயிற்றை இளக்கும். வெறும் அமாக்சிசிலின் ஒத்துக்கொண்டவருக்கு இந்தக் கூட்டு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போவது அதனால்தான்.

மூன்றாவது காரணம்தான் கவலைக்குரியது. மற்றவை செத்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகி, நஞ்சைச் சுரந்து, பெருங்குடலைப் புண்ணாக்கலாம். எல்லோருக்கும் வராது. முதியவர்கள், மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள், கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளைச் சாப்பிட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம்.

படி 1: இந்த மாத்திரை தேவைதானா என்று கேளுங்கள்

சளி, ஃப்ளூ, பெரும்பாலான இருமல், பெரும்பாலான தொண்டைக் கரகரப்பு எல்லாம் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது; குடலை மட்டும் கெடுக்கும். "டாக்டர், இது பாக்டீரியாவா வைரஸா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. போன தடவை மீந்த அட்டையிலிருந்து இரண்டு எடுத்துப் போடுவது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததைப் போடுவது இரண்டும் வேண்டாம். அட்டையின் பின்புறம் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று பொருள்.

தேவை என்று சொல்லிவிட்டாரா, அப்புறம் அவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். வயிறு சரியில்லை என்று நீங்களாகப் பாதியில் நிறுத்தாமல் அவரை அழைத்துக் கேளுங்கள். மருந்தை மாற்றித் தரவோ, நாட்களைக் குறைக்கவோ அவரால் முடியும். உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அது ஒவ்வாமை.

படி 2: உணவுக்கு முன்னா, பின்னா, கூடவா

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பல மாத்திரைகளின் பலனும் தொல்லையும் நேரத்தைப் பொறுத்தவை.

அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டைச் சாப்பிட ஆரம்பிக்கும்போதே போட வேண்டும். இரண்டு வாய் இட்லி உள்ளே போனதும் மாத்திரை, அப்புறம் மிச்ச இட்லி. அப்போதுதான் கிளாவுலனேட் நன்றாக உறிஞ்சப்படும், குமட்டலும் குறையும். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃப்யூரன்டாயினும், செஃப்யூராக்சைம், செஃப்போடாக்சைம் மாத்திரைகளும் இதே போலத்தான். வயிற்றில் உணவு இருந்தால் இவை நன்றாகச் சேரும். செஃபிக்சைம், அசித்ரோமைசின் மாத்திரைகளை எப்படியும் சாப்பிடலாம். குமட்டினால் சாப்பிட்டபின் போடுங்கள்.

ஆம்பிசிலின், கிளாக்சாசிலின் போன்றவற்றுக்கு வெறும் வயிறு வேண்டும். வெறும் வயிறு என்றால் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து. நடுவில் ஒரு டீ குடித்தாலும் அது வெறும் வயிறு இல்லை.

இனி பால் விஷயம். சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைப் பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து இரத்தத்தில் சேராமல் மலத்தோடு வெளியே போய்விடும். குடலுக்கு நல்லது என்று தயிர்சாதத்தோடு சிப்ரோ மாத்திரையை விழுங்கினால், தொற்று ஆறாமல் போவதற்கு நாமே வழி செய்தாகிவிட்டது. பால், தயிர், மோர், பால் ஊற்றிய ராகிமால்ட், பால் விட்ட ஹெல்த் டிரிங்க் எல்லாவற்றுக்கும் மாத்திரைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்குத் தரும் டாக்சிசைக்ளினில் பாலின் பாதிப்பு குறைவுதான். இருந்தாலும் இடைவெளி விட்டால் நல்லது.

பாலைவிடப் பெரிய இடைஞ்சல் மாத்திரை டப்பாவிலேயே இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, ஜிங்க் கலந்த சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் எல்லாமே சிப்ரோவைப் பிடித்துக்கொள்ளும். மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் இவற்றைத் தொட வேண்டும். முதலில் இவற்றைச் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால், சிப்ரோவுக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்கோடு பி-காம்ப்ளெக்ஸ் எழுதுவது நம்மூர்ப் பழக்கம். அந்தக் கேப்ஸ்யூலில் ஜிங்க் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிப்ரோவையும் அதையும் ஒரே கையில் வைத்து விழுங்காதீர்கள். இவ்வளவு கணக்குப் போடுவது சிரமம் என்றால், ஐந்தாறு நாளைக்குச் சத்து மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவதே எளிது.

ஃபில்டர் காபிக்காரர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. சிப்ரோ, கல்லீரல் காஃபினை உடைக்கும் வேகத்தைக் குறைக்கிறது. வழக்கமான இரண்டு டம்ளர் காபியே நாலைந்து குடித்த மாதிரி படபடப்பையும் தூக்கமின்மையையும் தரலாம். மாத்திரையால்தான் படபடப்பு என்று பயப்படும் பலருக்கு, காலையில் அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டால் சரியாகிவிடும்.

டாக்சிசைக்ளினில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு மிடறு தண்ணீரில் முழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். ராத்திரி படுக்கும்போது போடலாம் என்று தள்ளிவைக்கக் கூடாத மாத்திரை இது.

பல், ஈறு, வயிற்றுத் தொற்றுகளுக்குத் தரும் மெட்ரோனிடசோலை உணவோடு சாப்பிடுங்கள். வாயில் உலோகச் சுவை வரும்; மாத்திரை முடிந்ததும் போய்விடும், அதுவரை எலுமிச்சைச் சாறு ஒத்தாசை செய்யும். சாராயம், பீர், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து எதுவும் கூடாது, மாத்திரை முடிந்து 3 நாள் வரைக்கும்.

படி 3: மாத்திரை நாட்களின் சாப்பாடு

எளிதில் செரிப்பது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை, தண்ணீர் நிறைய. அவ்வளவுதான். இதற்கு நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் காய்ச்சல்காரர் சாப்பாடே போதும்.

அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டைக் காலை 8, இரவு 8 என்று இரண்டு வேளை சாப்பிடுபவரின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு மூன்று இட்லி, காரம் குறைத்த சாம்பார். இரண்டாவது வாயோடு மாத்திரை. 11 மணிக்கு உப்பும் பெருங்காயமும் போட்ட ஒரு டம்ளர் மோர். மதியம் குழைய வடித்த சோறு, பாசிப்பருப்பு, சுரைக்காயோ பீர்க்கங்காயோ புடலங்காயோ போட்ட கூட்டு, ரசம், கடைசியில் கொஞ்சம் தயிர்சாதம். முட்டை சாப்பிடுபவர் வேகவைத்த ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நாலு மணிக்கு ஒரு வாழைப்பழம், அல்லது ஒரு கை பொரி. இரவு இடியாப்பமோ கஞ்சியோ, முதல் வாயோடு மாத்திரை. மாத்திரை 8 மணிக்கும் தயிர், மோர் நடுப்பகலிலும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். இந்த மருந்துக்குப் பாலால் பிரச்சினை இல்லை. ஆனால் தயிரில் இருக்கும் பாக்டீரியாவை மாத்திரை கொன்றுவிடும் என்பதால் இரண்டு மணி நேரமாவது தள்ளியிருப்பது நல்லது.

பால் சிலருக்கு இந்த நாட்களில் உப்புசத்தைத் தரும். அப்படியானால் பாலை விட்டுவிட்டுத் தயிருக்கு மாறுங்கள். தயிராக உறையும்போது பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை ஓரளவு குறைந்துவிடுகிறது.

பாட்டில் ஜூஸ், குளிர்பானம், டப்பாவில் வரும் மாம்பழச் சாறு இவற்றின் சர்க்கரை ஏற்கெனவே இளகிய வயிற்றை இன்னும் இளக்கும். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் மிட்டாய்களில் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அதுவும் அப்படித்தான். பரோட்டா, பிரியாணி, வடை, பஜ்ஜி எல்லாம் கொழுப்பால் குமட்டலைக் கூட்டும். காரம் குடல் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதற்கு ஆதாரமில்லை; வயிறு எரியும்போது எரிச்சலைக் கூட்டும், அதனால் குறையுங்கள்.

"ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது அசைவம் கூடாது" என்பதற்கும் அடிப்படை கிடையாது. எண்ணெய் மிதக்கும் குழம்புதான் வேண்டாம். காரமில்லாத மீன் குழம்பு, கோழி ரசம் தாராளமாகச் சாப்பிடலாம். காய்ச்சலில் தேறி வருகிறவருக்குப் புரதம் தேவை.

தேவையில்லாமல் ஒன்றைச் சேர்க்காதீர்கள் என்றால், அது கேஸ் மாத்திரை. ஆன்டிபயாட்டிக் எழுதினாலே கூட ஒரு பான்டோபிரசோலும் வருவது வழக்கமாகிவிட்டது. அல்சர், நெஞ்செரிச்சல், வலி மாத்திரை என்று காரணம் இருந்தால் சரி. காரணமே இல்லாமல் வயிற்று அமிலத்தைக் குறைத்தால் குடல் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. எதற்கு எழுதியிருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: தயிர், பழைய சோறு, இட்லி, ஊறுகாய்: எதில் உயிர் இருக்கிறது

புளித்த உணவெல்லாம் ப்ரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர் உள்ளது, என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. உயிருள்ள பாக்டீரியா நம் வாய்க்கு வருகிறதா என்பதுதான் கேள்வி.

இட்லி மாவில் லியூகோனோஸ்டாக் உள்ளிட்ட பாக்டீரியாக்கள் ஏராளம். ஆனால் இட்லிப் பானையின் ஆவியில் அவை செத்துவிடும். இட்லி எளிதில் செரிக்கும், மாத்திரை நாட்களுக்கு அருமையான உணவு. ப்ரோபயாட்டிக் மட்டும் இல்லை. தோசையும் அப்படியே. மோர்க்குழம்பு கொதித்துவிட்டது, அதிலும் இல்லை. நாம் கடையில் வாங்கும் எண்ணெய் ஊறுகாய் பெரும்பாலும் உப்பிலும் புளிப்பிலும் எண்ணெயிலும் பதப்படுத்தியது. அதைக் குடலுக்கான மருந்தாக நினைக்க வேண்டாம்.

வீட்டில் உறை ஊற்றிய தயிரிலும் மோரிலும் உயிருண்டு. தயிர்சாதம் பிசையும்போது சோறு ஆறியிருக்கட்டும். ஆனால் உறை மோரில் எந்த வகை, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதனால் தயிர் வயிற்றுப்போக்கைக் கட்டாயம் தடுக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நல்ல உணவு, தொல்லை தராதது, புரதம் உள்ளது. அந்த அளவில் சாப்பிடுங்கள். காய்ச்சலில் தயிர் கூடாது என்ற பத்தியத்துக்கு மருத்துவக் காரணம் இல்லை.

வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைத்த பழைய சோற்றில் உயிருள்ள பாக்டீரியாவும் உண்டு; ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடி, குடல் பாக்டீரியாவுக்குத் தீனியாகவும் ஆகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்காக இதைப் பற்றி ஆய்வே எடுத்திருக்கிறார்கள். சோறு ஆறியவுடன் தாமதிக்காமல் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள், மூடி வையுங்கள், காலையில் சாப்பிட்டுவிடுங்கள். வழவழப்பாகவோ கெட்ட வாடையாகவோ இருந்தால் கொட்டிவிடுங்கள். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்கு இது வேண்டாம். வாந்தியோ பேதியோ இருக்கும் நாளில் யாருக்குமே வேண்டாம். புதுக் கஞ்சி குடியுங்கள்.

படி 5: ப்ரோபயாட்டிக் கேப்ஸ்யூல் வாங்கலாமா

பதில் ஒரே வார்த்தையில் இல்லை. குழந்தைகளிடம் நடந்த 33 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2019இல் தொகுத்துப் பார்த்தது. ப்ரோபயாட்டிக் சாப்பிடாத குழந்தைகளில் 100க்கு 19 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. சாப்பிட்டவர்களில் 8 பேருக்கு. இது சின்ன வித்தியாசம் இல்லை. லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி, சாக்கரோமைசஸ் போலார்டி இரண்டும் அதிகம் நம்பத்தக்கவையாகத் தெரிந்தன.

சாக்கரோமைசஸ் போலார்டி ஓர் ஈஸ்ட். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. மற்றபடி பாக்டீரியா கேப்ஸ்யூல் என்றால் மாத்திரைக்கு 2 மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். நம்மூரில் சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் வரும் பேசிலஸ் கிளாசியை அதிகம் எழுதுகிறார்கள். ஸ்போர் வடிவில், அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் வித்தாக, இருப்பதால் பல மருந்துகளைத் தாங்கும். ஆனால் மேலே சொன்ன இரண்டின் அளவுக்கு ஆதாரம் வலுவாக இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 21 பேருக்குச் சிப்ரோவும் மெட்ரோனிடசோலும் கொடுத்து, பிறகு சிலரை அப்படியே விட்டார்கள், சிலருக்குப் பல வகை கலந்த ப்ரோபயாட்டிக் கொடுத்தார்கள். ப்ரோபயாட்டிக் சாப்பிட்டவர்களின் குடலில் அவரவருக்கே உரிய பாக்டீரியாக்கள் திரும்பி வருவது, சும்மா விடப்பட்டவர்களைவிடத் தாமதமானது. வெளியிலிருந்து வந்தவை இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். போன தடவை ஆன்டிபயாட்டிக்கில் வயிறு மோசமாகப் போனதா, முதியவரா, நீண்ட நாள் மருந்தா, மருத்துவரிடம் கேட்டு மேலே சொன்ன இரண்டில் ஒன்றை முதல் நாளிலிருந்தே ஆரம்பிக்கலாம். மருந்து முடிந்ததும் மாதக்கணக்கில் தொடர வேண்டியதில்லை. மூன்று நாள் மாத்திரை சாப்பிடும் ஆரோக்கியமான இளைஞர் அந்தக் காசில் காய்கறி வாங்கலாம். எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்கள், கழுத்து இரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. அவர்களுக்கு அந்த நுண்ணுயிரே இரத்தத்தில் தொற்றாகலாம்.

படி 6: வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்

ஒரு நாளைக்கு ஓரிரு முறை இளகிப் போவது சகஜம். மருந்து முடிந்ததும் தானாக நிற்கும். செய்ய வேண்டியது இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் கரையுங்கள். பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கு. பாதிப் பொட்டலத்தை டம்ளரில் குத்துமதிப்பாகப் போடுவது ஆபத்து, உப்பு கூடிப்போகும். டெட்ரா பேக்கில் வரும் பானங்களில் சில ஓ.ஆர்.எஸ். போலவே தோற்றமளிக்கும், உள்ளே சர்க்கரைதான் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட அரிசிக்கஞ்சியும் நல்லது. இளநீர் குடிக்கலாம், அதில் சோடியம் குறைவு என்பதால் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது.

வாழைக்காய் இங்கே கைகொடுக்கும். வங்கதேசத்தில் நாள்பட்ட வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காயைச் சோற்றோடு மசித்துக் கொடுத்து நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. மலத்தின் அளவு குறைந்து, சீக்கிரம் தேறினார்கள். வாழைக்காயின் மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே மிச்சமிருக்கும் பாக்டீரியாக்களால் குறுங்கொழுப்பு அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் நீரையும் உப்பையும் உறிஞ்ச உதவுகிறது. எண்ணெயில் வறுக்காமல் வேகவைத்து, உப்பும் சிட்டிகை மிளகும் சேர்த்து மசித்துச் சோற்றோடு பிசையுங்கள்.

இந்த நாட்களில் கீரை, சுண்டல், வாழைத்தண்டு, முழுத்தானியம் போன்ற நார் அதிகமான உணவுகளை நிறுத்தி வையுங்கள். அவற்றுக்கு அப்புறம் வேலை இருக்கிறது.

பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். முன்பு சொன்ன டிஃபிசில் தொற்றாக இருந்தால் நஞ்சு உள்ளேயே தேங்கி நிலைமை மோசமாகும். ஒரு நாளில் 3 முறைக்கு மேல் தண்ணீராகப் போவது, மலத்தில் ரத்தம், காய்ச்சல் திரும்ப வருவது, கடும் வயிற்று வலி, சிறுநீர் குறைவது, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக் முடிந்து இரண்டு மூன்று மாதம் வரைக்கும் இந்தத் தொற்று வரலாம் என்பதால், மாத்திரை சாப்பிட்டதை மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசர் இதன் ஸ்போரைக் கொல்லாது.

சிலருக்குத் தனியாக

சர்க்கரை நோயாளிகள் கஞ்சி, பழம், ஓ.ஆர்.எஸ். சாப்பிடும் நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். சிப்ரோ, லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் சர்க்கரையைத் திடீரென்று இறக்கவோ ஏற்றவோ செய்யும். சாப்பிட முடியாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளும் நாள்தான் ஆபத்தான நாள்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்குப் பல ஆன்டிபயாட்டிக்குகள் அதன் வீரியத்தைக் கூட்டிவிடும். கீரையைத் திடீரென்று கூட்டினாலும் குறைத்தாலும் கணக்கு மாறும். இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் காரணமாக இளநீரையும் வாழைப்பழத்தையும் கேட்காமல் தொட வேண்டாம்.

காசநோய் மருந்து மாதக்கணக்கில் போவது. ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டும் வெறும் வயிற்றில்தான் நன்றாகச் சேரும். குமட்டல் தாங்கவில்லை என்றால் மருந்து தரும் காசநோய் மையத்தில் சொல்லுங்கள். லேசான உணவோடு சாப்பிட அவர்களே அனுமதிப்பதுண்டு. ஐசோனியாசிட் சாப்பிடும்போது சூரை மீன், நாள்பட்ட சீஸ் சாப்பிட்டு முகம் சிவந்து படபடப்பு வந்தால் அந்த உணவை நிறுத்த வேண்டும், மருந்தை அல்ல.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மருந்து கொடுத்தாலும் தாய்ப்பாலைத் தொடருங்கள். ஒரு வயதுக்குள் தேன் குழைத்து மருந்து கொடுக்காதீர்கள்.

படி 7: மாத்திரை முடிந்த பிறகு வரும் வாரங்கள்

டென்மார்க்கில் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு மூன்று வீரியமான ஆன்டிபயாட்டிக்குகளை 4 நாள் கொடுத்து, ஆறு மாதம் மலத்தைச் சோதித்தார்கள். 2018இல் முடிவு வந்தது. ஒன்றரை மாதத்தில் குடல் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பின. ஆனால் முன்பு எல்லோரிடமும் இருந்த 9 வகைகள் ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலானவர்களிடம் காணவில்லை. நமக்கு எழுதும் சாதாரண மருந்து அவ்வளவு கடுமையானது அல்ல என்றாலும், கணக்கு நாட்களில் இல்லை, வாரங்களில் என்பது தெளிவு.

திரும்பி வருபவற்றுக்குத் தீனி வேண்டும். அந்தத் தீனி நார்ச்சத்து, அதுவும் பல செடிகளிலிருந்து. அமெரிக்கன் கட் ப்ராஜெக்ட் என்ற ஆய்வில், வாரம் 30 வகைக்கு மேல் தாவர உணவு சாப்பிடுபவர்களின் குடலில், 10க்கும் குறைவாகச் சாப்பிடுபவர்களைவிடப் பாக்டீரியா வகைகள் அதிகமாக இருந்தன. 30 என்றதும் மலைக்க வேண்டாம். ஒரு அவியலிலேயே ஏழெட்டுக் காய் வந்துவிடும். சாம்பாரில் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், கத்தரிக்காய், தக்காளி, புளி, கொத்தமல்லி. நம் சமையலுக்கு இது கஷ்டமான இலக்கே இல்லை. இட்லி, தோசை, சப்பாத்தி என்று மாவிலேயே வாரத்தை ஓட்டுகிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

மெதுவாகக் கூட்டுங்கள். முதல் வாரம் வேகவைத்த காய், கேரட், பூசணி, வாழைக்காய், பாசிப்பருப்பு, வாழைப்பழம், கொய்யா. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கிச் சேருங்கள். அவற்றில் இருக்கும் இனுலின் வகை நார் பாக்டீரியாவுக்குப் பிடித்தது. இரண்டாம் வாரம் முருங்கைக்கீரை, அரைக்கீரை, அவரை, கொத்தவரை. மூன்றாம் வாரத்திலிருந்து சுண்டல், தட்டப்பயறு, வாழைப்பூ, வாழைத்தண்டு, கம்பு, கேழ்வரகு. முதல் நாளே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சாப்பிட்டால் வாயு பிடுங்கியெடுக்கும், "எனக்கு நார் ஒத்துக்காது" என்று விட்டுவிடுவீர்கள். இரண்டு கரண்டியில் ஆரம்பியுங்கள், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள், தண்ணீர் கூடக் குடியுங்கள்.

புளித்த உணவுக்கு இப்போதுதான் நல்ல நேரம். மாத்திரை கொல்லும் என்ற கவலை போயிற்று. தினமும் தயிரோ மோரோ. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பழைய சோறு, சின்ன வெங்காயத்தோடு. கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழைக் காய்ச்சி ஆறவைத்து, இரவு புளிக்க விட்டு, மறுநாள் மோர் விட்டுக் கரைத்தால் உயிரும் நாரும் ஒரே சொம்பில் கிடைக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் 10 வாரம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவை அதிகம் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின. அவர்கள் ஆன்டிபயாட்டிக் முடித்து வந்தவர்கள் அல்ல. ஆனாலும் திசை தெரிகிறது.

இரண்டு வாரம் கழித்தும் வயிறு பழையபடி ஆகவில்லை, உப்புசமும் இளக்கமும் தொடர்கிறது, எடை குறைகிறது என்றால் வீட்டு வைத்தியத்தை நீட்டாமல் மருத்துவரைப் பாருங்கள். வாயில் வெள்ளைப் படலம், பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து தனி.

மீந்த மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். அட்டையை மட்டும் செல்பேசியில் படம் பிடித்து, ஆரம்பித்த தேதி, முடித்த தேதி, வயிறு என்ன செய்தது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போனால், எந்த மருந்து எழுதலாம் என்று அவர் முடிவு செய்வதற்கு முன்பு அதைக் காட்டுங்கள்.